ஒருவர் உயர்ந்தால் மலையகம் உயர்ந்ததாகுமா?

மலையகப் பாடசாலைகளில் பரிசளிப்பு விழாக்கள் நடைபெறுங் காலங்களில் ஒரு வாசகத்தைத் தவறாது கேட்கலாம். பதுளையாயினும் பசறையாயினும், அப்புத்தளையாயினும் மடுல்சீமையாயினும், மாலை சூடி மேடையேறும் பிரமுகர் மாணவரை நோக்கிக் கூறுவது இதுதான்: "முத்தையா முரளிதரனைப் பாருங்கள். அவரும் உங்களைப் போலத் தோட்டத் தொழிலாளரின் வழிவந்தவர்தாம். திறமையும் முயற்சியும் இருந்தால் எதுவும் தடையாகாது." கைதட்டல் எழுகின்றது. பிரமுகர் வாகனமேறிச் செல்கின்றார். மாணவர் லயங்களுக்குத் திரும்புகின்றனர்.

இவ்வாசகத்தின் உட்பொருளைச் சற்று ஆராய்தல் வேண்டும். திறமையும் முயற்சியும் உடையார்க்கு எதுவும் தடையாகாதெனின், உயராது போனோர் திறமையற்றோர், அன்றேல் சோம்பேறிகள் என்பது அதன் மறுதலை. இருநூறு ஆண்டுகளாகக் கோப்பியும் தேயிலையும் வளர்த்து இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய ஒரு மக்கட் கூட்டத்தை, அதன் பிள்ளைகளின் முன்னிலையிலேயே பாராட்டுரையின் வேடத்தில் நிந்திக்கும் வாசகம் இது. அப்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கும் நாம் இதற்கு மறுமொழி கூறாதிருத்தல் தகாது.

முரளிதரனின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. 1992ஆம் ஆண்டு ஓகஸ்டில் அவுஸ்திரேலிய அணிக்கெதிராகக் கொழும்பில் தொடங்கி, 2010 யூலை 22இல் காலியில் இந்திய அணியின் கடைசி விக்கெட்டை வீழ்த்தி முடித்த டெஸ்ட் வாழ்வில் 133 ஆட்டங்களில் 800 விக்கெட்டுக்களை அவர் கைப்பற்றினார். 1998இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் 16 விக்கெட்டுக்களை எடுத்து, தம்மை ஆண்ட நாட்டை அந்நாட்டிலேயே தோற்கடித்தார். 1995 டிசம்பரில் மெல்பேர்ண் நகரில் அவரது பந்துவீச்சு முறையற்றதென நடுவர் ஒருவர் பல்லாயிரவர் பார்த்திருக்க மீண்டும் மீண்டும் அறிவித்தபோதும், 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமரே அவர் பந்தை எறிபவர் எனப் பேசியபோதும், அவர் கலங்காது நின்றார். இவையெல்லாம் வரலாறு. வரலாற்றோடு எமக்குப் பகையில்லை. வரலாற்றைத் திரித்து அதிலிருந்து ஏழைக்கு ஓர் உபதேசத்தைத் தயாரிப்பவர்களோடுதான் எமது வழக்கு.

முதலில் உண்மைகளைப் பார்ப்போம். முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்தவர். அது 'துண்டு' முறை வழக்கிலிருந்த காலம். ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அவனது கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என எழுதப்பட்ட ஒரு துண்டுக் கடிதமே அவனுடைய விடுதலைப் பத்திரம். 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பாட்டனார் பின்னர் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட்டார். இங்கு தங்கிய அவருடைய புதல்வர்களுள் ஒருவரான முரளிதரனின் தந்தையார் கண்டிப் பகுதியில் பிஸ்கட் உற்பத்தித் தொழிலை வெற்றிகரமாக நடத்தினார். 1972இல் பிறந்த முரளிதரன் ஒன்பதாம் வயதிலே கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். அங்கே மைதானம் இருந்தது. கிரிக்கெட் அணியும் இருந்தது. மிதவேகப் பந்துவீச்சாளராக விளையாடிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனைச் சுழற்பந்து வீசும்படி திருப்பிய சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநரும் இருந்தார்.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? தோட்டத்தை விட்டு வெளியேறி ஒரு தலைமுறை கழிந்த பின்னர், தொழிலும் வருவாயும் உடைய ஒரு குடும்பத்திலே, மைதானமும் பயிற்றுநரும் உள்ள ஒரு நகரக் கல்லூரியிலே அவரது திறமை முளைத்தது. விதை மட்டும் போதாது, நிலமும் நீரும் வேண்டும் என்பது தேயிலை நட்ட கைகளுக்குத் தெரியாததன்று. பிரமுகர் கூறும் கதையிலோ விதை மட்டுமே உண்டு. நிலத்தைப் பற்றிப் பேசினால், நிலம் யாருடையது என்ற கேள்வி எழுந்துவிடும் அல்லவா?

இனி, கடல் கடந்து அவர் ஆடிய ஆட்டத்தைக் கவனிப்போம். நாட்டுக்காக ஆடியது ஒரு புறமிருக்க, கூலிக்கு ஆடும் தொழில்முறை வீரராக அவர் சென்ற இடங்கள் பல. 1999 முதல் 2007 வரை வெவ்வேறு பருவங்களில் இங்கிலாந்தின் லங்காஷயர் அணிக்கும், 2003இல் கென்ட் அணிக்கும், பின்னர் குளோஸ்டர்ஷயர் அணிக்கும் ஆடினார். இந்தியாவிற் சென்னை, கொச்சி, பெங்களூர் அணிகளுக்கு ஆடினார். அவரைத் தலைகுனியச் செய்ய முனைந்த அதே மெல்பேர்ண் நகரின் அணியொன்று 2012இல் அவரைச் சம்பளங் கொடுத்து அழைத்துக்கொண்டது. சந்தைக்கு நேற்றைய அவமானம் நினைவிருப்பதில்லை. இன்றைய பயன் ஒன்றே அதன் கண்ணுக்குத் தெரியும்.

2008 பெப்ரவரி 20ஆம் நாள் மும்பாயில் வீரர்களை ஏலங் கூறினார்கள். சென்னை அணி முரளிதரனை 6 லட்சம் அமெரிக்க டொலருக்கு எடுத்தது. ஏலம் என்ற சொல் மலையகத்தார்க்குப் புதியதன்று. 1883 முதல் கொழும்பிலே தேயிலை ஏலம் நடந்து வருகின்றது. ஊவா மலைகளில், யூலை தொடங்கி வீசும் வறண்ட காற்றில் மணமேறும் கொழுந்து அங்கே தோட்டத்தின் பெயரால் விலை கூறப்படுகின்றது. கொழுந்தைப் பறித்த பெண்ணின் பெயர் எந்த ஏலத்திலும் கூறப்படுவதில்லை. தோட்டத்திலே 'பேர்' என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. ஒரு நாட் கூலிதான் பேர். பறித்த கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர். ஏலத்திலே முழுப் பெயரும் ஒலிக்கப்பட்ட ஒருவரின் பாட்டனார், பேரைத் தேடி மலையேறியவர்களில் ஒருவர் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தனர்?

அந்த ஏலம் நடந்ததற்கு மறு ஆண்டு, 2009இல், தோட்டத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. 500 ரூபா கேட்டுப் போராடிய தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் வரவுக் கொடுப்பனவும் பிறவும் சேர்ந்து 405 ரூபா கிடைத்தது. 6 லட்சம் டொலர் அக்கால மாற்று விகிதப்படி 6 கோடி ரூபாவுக்கு மேற்பட்டது. மாதம் 25 நாள் தவறாது வேலை செய்யும் ஒரு தொழிலாளி அத்தொகையை ஈட்ட ஏறத்தாழ 500 ஆண்டுகள் கொழுந்து பறிக்க வேண்டும். வீரர் பெற்றது அதிகம் என நாம் குறை கூறவில்லை. அவர் தமது உழைப்பை விற்றார், விலை பெற்றார். கேள்வி இதுதான்: உடலின் ஆற்றலை விற்கும் இருவருள் ஒருவருக்குச் சந்தை தலைவணங்குவதும், மற்றவருக்கு அரைப் பேர் எழுதுவதும் 'திறமை' என்ற ஒரு சொல்லால் விளங்கிவிடுமா? செங்குத்தான மலையில், அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவே, இரு கைகளாலும் இலையும் மொட்டும் பிரித்துப் பறிக்கும் விரல்களிற் காணப்படுவது திறமையன்றோ?

வீரர்களும் முற்றிலும் சுதந்திரர் அல்லர். வெளிநாட்டு அணிக்கு ஆட விரும்பும் கிரிக்கெட் வீரர் தம் நாட்டுச் சபையிடம் ஆட்சேபனை இல்லை எனச் சான்றிதழ் பெற்றாதல் வேண்டும். பழைய துண்டுக்கும் இதற்கும் வேற்றுமை பெரிது. ஆயினும் உழைப்பவன் இடம் பெயர மற்றொருவனின் கடிதம் வேண்டும் என்ற தத்துவம் ஒன்றே. செல்வத்தின் தலைநகரான அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்நாட்டின் கூடைப்பந்தாட்ட வீரர்களுள் உள்நாட்டுச் சங்கங்களில் இடங் கிடையாதோர் ஐரோப்பாவுக்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். புகழ் பெற்ற பெண் வீரர்களோ, இடங் கிடைத்தும் ஊதியம் போதாமையால் ஓய்வுப் பருவத்தில் வெளிநாடு சென்றனர். அவ்வாறு இரஷ்ய அணியொன்றுக்கு ஆடி வந்த பிரிட்னி கிரைனர் 2022 பெப்ரவரியில் மொஸ்கோ விமான நிலையத்திற் கைதாகி ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் இரு வல்லரசுகள் கைதி மாற்றஞ் செய்து அவரை மீட்டன.

வெளிநாடு செல்லும் எமது பெண்களை யார் மீட்கின்றனர்? ஊவாத் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றோரின் பிள்ளைகள் எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். மூதூரின் ஏழைப் பெண் ரிசானா நபீக், வயதைக் கூட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டு, அவரது பொறுப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றஞ் சாட்டப்பட்டு, 2013 சனவரி 9ஆம் நாள் தலை துண்டிக்கப்பட்டார். கடல் கடந்து உழைப்பவருக்கு உலகம் இடும் மதிப்பு, அவருடைய உழைப்பை விற்று யார் எவ்வளவு இலாபம் பெறுகின்றனர் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

நாட்டுரிமை பற்றியும் ஒரு சொல். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்தது. கேட்பாரின்றி மக்கள் பங்கு பிரிக்கப்பட்டனர். ஏலத்திலேனும் விலை கூறுவார்கள். இங்கே அதுவும் இல்லை. 1996இல் முரளிதரனும் சேர்ந்து உலகக் கிண்ணத்தை இந்நாட்டுக்கு வென்று தந்தபோது, அவரைப் போன்றே இந்திய வமிசாவளியினரான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நாட்டிற் குடியுரிமையின்றி வாழ்ந்தனர். அவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். முரளிதரன் கென்ட் அணிக்கு ஆடிய அதே ஆண்டில். ஒரு வீரரின் வெற்றி ஒரு சமூகத்தின் விடுதலை என்றால், உலகக் கிண்ணத்துக்குப் பிறகும் அச்சமூகம் ஏழாண்டு காத்திருந்தது ஏன்?

கடலின் மறுகரையிலும் நிலைமை வேறன்று. இலங்கைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என எழுதப்பட்ட சமூகத்தில் வந்தவர், சென்னை அணியில் 'வெளிநாட்டு வீரர்' என்ற ஒதுக்கீட்டில் ஆடினார். 2013இல், இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடலாகாதென முடிவாயிற்று. பெங்களூர் அணியிலிருந்த அவருக்கும் அது பொருந்திற்று. திருச்சிராப்பள்ளியிற் போய் அடங்கிய பாட்டனாரின் பேரன் அம்மாநிலத்தின் தலைநகரிலே பந்து வீச முடியாமற் போயிற்று. ஈழப் போரின் கொடுமைகளுக்கு எதிரான சினம் நியாயமானது. அச்சினம் மலையகம் என்றொரு மக்கள் இருப்பதையே மறந்தது நியாயமன்று. 2019இல் முரளிதரன் கோத்தாபய ராஜபக்சவை ஆதரித்துப் பிரசாரஞ் செய்ததை நாம் ஏற்கவில்லை; எந்தப் புகழும் அத்தகைய நிலைப்பாட்டுக்குக் கவசமாகாது. 2020இல் அவரது வாழ்க்கைத் திரைப்படம் குறித்துத் தமிழகத்தில் எழுந்த கூச்சலில், ஒரு சாரார் அவரைத் துரோகி என்றனர்; இலங்கையின் ஆளும் வட்டத்தாரோ அவரை இன ஒற்றுமையின் சின்னம் என்றனர். இருசாராரும் ஊவாவின் லயங்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழுப்பப்படலாம். "பிள்ளைகளுக்கு நம்பிக்கை வேண்டாமா? ஓர் உதாரண புருடரைக் காட்டுவது தவறா?" என நண்பர் சிலர் கேட்பர். நம்பிக்கை வேண்டும். ஆனால் மைதானமில்லாத பிள்ளைக்கு மைதானத்தை மறைத்துக்கொண்டு வீரரை மட்டும் காட்டுவது நம்பிக்கையூட்டல் ஆகாது. எமது மாணவர் பாதையோரத்திலும், கவ்வாத்து வெட்டிய மலைச்சரிவிலும், பிரட்டுக்களத்திலும் மென்பந்து கொண்டு ஆடுகின்றனர். பந்து கானுக்குள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. வன்பந்துக்கும் காலணிக்கும் துடுப்புக்கும் பணம் இல்லை. வலய மட்டப் போட்டிக்குத் தெரிவான மாணவி பஸ் கட்டணமின்றி வீட்டில் நின்றுவிடுவது எமக்குப் பழகிப்போன செய்தி. காலை நேரத்தில் நான்கு கட்டை தூரம் மலையேறிப் பாடசாலைக்கு வரும் கால்கள் ஓட்டப் போட்டிக்குத் தகுதியற்றவை என எவர் கூறுவார்? சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுவாரம் அக்கால்கள் கொழும்புக் கடையொன்றின் மாடிப்படிகளை ஏறி இறங்கத் தொடங்கிவிடுகின்றன.

மலை நாட்டிலே சமநிலத்துக்கு எங்கே போவது என்பர். அதற்கும் வரலாறு விடை கூறுகின்றது. துரைமார் தமக்கு விளையாட வேண்டும் என்று விரும்பியபோது ராதல்லையிலும் தரவளையிலும் மலைகளின் நடுவே பசும்புல் மைதானங்கள் தோன்றின, கழகங்களும் எழுந்தன. மலையைச் சமப்படுத்திய மண்வெட்டி யாருடைய கையிலிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. துரைக்காகச் சமனான மலை தொழிலாளியின் பிள்ளைக்காகச் சமனாகாதாம்! மேலும், பாதுகாப்பான சமநிலம் இங்கே விளையாட்டுக்கு மட்டும் உரிய விடயமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எஞ்சியோர் ஓடிப்போய்த் தங்கியது பாடசாலைகளில். 2025 நவம்பரில் தித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் நிலைகுலைந்தது. பாடசாலையும் அதன் முற்றமுமே தோட்டத்து மக்களின் பொதுநிலம். அதனைப் பெரிதாக்கக் கேட்பது ஆடம்பரக் கோரிக்கையன்று.

தோட்டத்து வமிசாவளியில் வந்து வெளிநாட்டிற் கூலிக்கு ஆடிப் புகழ்பெற்ற மற்றொருவரின் வரலாறு இங்கே ஒப்பிடத் தக்கது. அடிமைகளின் வழித்தோன்றலான லியரி கொன்ஸ்டன்ரைன் திரினிடாட் தீவிலே பிறந்தவர். தந்தை கொக்கோத் தோட்டமொன்றின் மேற்பார்வையாளர். 1929 முதல் 1937 வரை அவர் லங்காஷயரின் நெல்சன் என்ற பஞ்சாலை நகரத்து அணிக்குத் தொழில்முறை வீரராக ஆடினார். நூலாலைத் தொழிலாளர் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர். 1932இல் அவருடைய வீட்டில் வந்து தங்கிய நாட்டவரான சி. எல். ஆர். ஜேம்ஸ், பின்னர் 1963இல், விளையாட்டையும் அடிமைப்பட்ட மக்களின் அரசியலையும் இணைத்து ஆராய்ந்த நூலொன்றை உலகுக்குத் தந்தார். கொன்ஸ்டன்ரைனும் புகழோடு நின்றுவிடவில்லை. நிறங் காரணமாகத் தமக்கு இடமளிக்க மறுத்த இலண்டன் விடுதிக்கெதிராக 1944இல் வழக்காடி வென்றார். போர்க்காலத்தில் மேற்கிந்தியத் தொழிலாளரின் நலன் பேணும் பணியாற்றினார்.

இருவர்க்கும் உள்ள வேற்றுமையைத் தனிமனித குணம் என்று மட்டும் கூறிவிட இயலாது. கொன்ஸ்டன்ரைனுக்குப் பின்னால் சுயாட்சி கேட்டு எழுந்த ஒரு மக்கள் இயக்கம் இருந்தது. பந்தின் ஓட்டத்தில் சரித்திரத்தின் ஓட்டத்தைக் காணக் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியன் இருந்தான். ஜேம்ஸ் பள்ளியாசிரியராகப் பணியாற்றியவர் என்பதை எம் தோழர்கள் நினைவிற் கொள்வாராக. வீரரைச் சமூகம் ஆக்குகின்றது. அவர் யாருக்குப் பயன்படுவார் என்பதையும் சமூகத்தின் விழிப்பே பெரிதும் தீர்மானிக்கின்றது. விழிப்பில்லாத இடத்தில் வீரர் ஆட்சியாளரின் மேடைப் பொருளாகிவிடுகின்றார்.

ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கன சில உள. தோட்டங்களில் வீடமைப்புக்கு 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் எனக் காணிக் கோரிக்கை எழும்போதெல்லாம், ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் உறுதிப் பத்திரத்துடன் கூடிய மைதான நிலமும் அக்கோரிக்கையிற் சேர்க்கப்பட வேண்டும். ஊவா மாகாணத்தின் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விளையாட்டுப் பயிற்றுநர் எத்தனை பேர் நியமிக்கப்பட்டுள்ளனர், எத்தனை பாடசாலைகளுக்கு ஓடுதளம் உண்டு என்பதை நாமே பாடசாலை பாடசாலையாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும்போது இக்கணக்கும் அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். 2021இல் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் எவருடைய கருணையினாலும் வந்தவையல்ல. ஆண்டுக்கணக்கான போராட்டத்தினால் வந்தவை. மைதானமும் அவ்வாறே வரும்.

முரளிதரனின் பெயரை எம் பிள்ளைகள் அறியட்டும். அதனோடு, அவருடைய பாட்டனார் ஏன் கடல் கடந்தார், துண்டு என்றால் என்ன, 1948இல் என்ன நடந்தது, கொழுந்து எங்கே ஏலம் போகின்றது என்பவற்றையும் அறியட்டும். அவற்றை அறிந்த பிள்ளை வீரராகாது போகலாம். ஆனால் தன் வறுமைக்குத் தானே காரணம் என்ற பொய்யை இனி ஒருபோதும் நம்பாது. அப்பிள்ளைகளுள் ஒருத்தி நாளை நமுனுகுல மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு உலக அரங்கில் ஓடுவாளாயின், அவளைத் தனியொருத்தியாக அன்றி, ஒரு மக்களின் பிரதிநிதியாக வழியனுப்புவோம். அந்நாளுக்கான நிலத்தை இன்றே கேட்போம்.